கேம்ஷாஃப்டைக் கழற்றியவர்கள் கடலில் இருக்கிறார்கள்

அக்காவின் மகன் பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். சென்ற வாரம் இரவு பதினொரு மணிக்கு ஒரு காணொளியை அனுப்பி, "மாமா, கேம்ஷாஃப்டே இல்லாத என்ஜின், உலகத்திலேயே இதுதான் முதலாம், பாருங்க" என்று எழுதியிருந்தான். சுவீடனைச் சேர்ந்த கோனிக்செக் நிறுவனமும் அதன் சகோதர நிறுவனமான ஃபிரீவால்வும் சேர்ந்து உருவாக்கிய மூன்று சிலிண்டர் என்ஜினைப் பற்றிய காணொளி அது. இரண்டு முறை பார்த்துவிட்டு, "அழகான வேலைதான், ஆனா முதல் இல்லடா, உன் மாமா அந்த மாதிரி என்ஜினைப் பார்த்துக்கிட்டுத்தான் பல வருஷம் சம்பளம் வாங்கினேன்" என்று பதில் அனுப்பினேன். அவன் நம்பவில்லை. சிரிக்கும் பொம்மை ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டுத் தூங்கப் போய்விட்டான். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால், கப்பல் என்ஜின் ரூமில் கழிந்த ஆண்டுகளின் நினைவோடு இங்கே எழுதிவைக்கிறேன்.

சிலிண்டருக்குள் காற்றை விடும், புகையை வெளியேற்றும் வால்வுகளை, கேம்ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டுக்குப் பதிலாகக் கணினி திறந்து மூடும் என்ஜின்களைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் கேம்ஷாஃப்டைப் பழைய காலத்து மிச்சம்போலப் பேசிவிடுகிறார்கள். அது அந்த இரும்புத் தண்டுக்குச் செய்யும் அநியாயம். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. அதன்மேல் உள்ள, கேம் எனப்படும் முட்டை வடிவ மேடு ஒவ்வொன்றும் தனக்குரிய வால்வை ஒருமுறை அழுத்தித் திறந்து, பிறகு விட்டுவிடுகிறது. பார்வைக்கு இவ்வளவுதான். ஆனால் அந்த மேட்டின் சரிவை உற்றுப் பார்த்தால், அது ஒரே சீராக ஏறி இறங்கவில்லை என்பது தெரியும். தொடக்கத்தில் மிக மெல்ல ஏறி, இடையில் விரைந்து, உச்சியில் தணிந்து, இறங்கி முடியும் இடத்தில் மறுபடியும் ஏறக்குறைய சமதளம் என்று சொல்லும் அளவுக்கு மெல்லத் தவழ்கிறது. வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு வேகத்தில் செல்ல வேண்டும், எவ்வளவு மென்மையாக வந்து உட்கார வேண்டும் என்ற கட்டளைகள் அனைத்தும் அந்த வளைவிலேயே கடைந்து வைக்கப்பட்டிருக்கின்றன. அதுவும் ஒரு நிரல்தான். எழுதிய பிறகு மாற்ற முடியாத நிரல் என்பது மட்டுமே அதன் குறை.

மென்மையாக உட்காருவது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சிறிய கணக்கொன்றால் புரிந்துகொள்ளலாம். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் கார் என்ஜினில் ஒரு சுற்றுக்கு 10 மில்லி நொடி ஆகிறது. உள்வாங்கும் வால்வு ஏறத்தாழ 240 பாகை திறந்திருக்கும் என்று கொண்டால், திறந்து, நின்று, மூடி முடிக்க அதற்குக் கிடைப்பது 7 மில்லி நொடிக்கும் குறைவு. அதற்குள் 9 மில்லிமீட்டர் போய், அதே 9 மில்லிமீட்டர் திரும்ப வேண்டும். ஒருவழிப் பயணத்துக்கு 3 மில்லி நொடி என்று வைத்தால் சராசரி வேகம் நொடிக்கு 3 மீட்டர். ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழும் பொருள் தரையைத் தொடும் வேகம் அது. அந்த வேகத்தில் வால்வு தன் இருக்கையில் மோதினால் சத்தமும் தேய்மானமும் தாங்காது. எனவே கடைசிக் கணத்தில் அது நொடிக்கு 10 சென்டிமீட்டருக்கும் குறைந்த வேகத்துக்குத் தணிந்தாக வேண்டும். அது அரை மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அரை மீட்டரை அரை மில்லிமீட்டராக்கும் இந்த வித்தையை ஒவ்வொரு வால்வுக்கும் நொடிக்கு 50 முறை, எண்ணெயும் வெப்பமும் தேய்மானமும் மாறிக்கொண்டே இருக்கும்போதும், கேம் மேடு எந்தச் சென்சாரும் இல்லாமல் செய்துவருகிறது.

இன்னொன்றும் உண்டு. கேம் வால்வைத் திறக்கும்போது ஸ்பிரிங்கை அமுக்கச் செலவிட்ட ஆற்றல் வீணாவதில்லை. வால்வு மூடும்போது அதே ஸ்பிரிங் கேம் மேட்டின் மறுசரிவைத் தள்ளி, தண்டைச் சுழலச் செய்து, வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. உராய்வில் போவதுதான் உண்மையான செலவு. கேம்ஷாஃப்டைத் தூக்கிவிட்டு வால்வுக்கு ஒரு மின்காந்தத்தையோ எண்ணெய் உந்தியையோ வைப்பவர், இந்தக் கொடுக்கல் வாங்கலையும் தானே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

பிறகு ஏன் அதைக் கழற்ற வேண்டும் என்ற கேள்விக்குப் பதில், கேமின் அந்த ஒரே குறையில் இருக்கிறது. சிக்னலில் உறுமாமல் நிற்கும் என்ஜினுக்கு ஏற்ற வால்வு நேரம் வேறு; நெடுஞ்சாலையில் முழு மூச்சில் பாயும் என்ஜினுக்கு ஏற்றது வேறு. ஒரே மேடு இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசத்தில்தான் நிற்க முடியும். இதைவிடப் பெரிய இழப்பு பெட்ரோல் என்ஜினின் தொண்டையில் நடக்கிறது. நாம் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து ஓட்டும்போது, காற்று வரும் வழியை அடைக்கும் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கிறது. பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும், நுனி நசுங்கிய உறிஞ்சுகுழலில் இளநீர் குடிப்பவரைப்போல, அந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கப் பாடுபடுகிறது. அந்தப் பாட்டுக்கும் பெட்ரோல்தான் செலவாகிறது. உள்வாங்கும் வால்வை வேண்டிய அளவு காற்று வந்தவுடன் சட்டென மூடிவிட முடிந்தால் திராட்டிலே தேவையில்லை. வேண்டாத நேரத்தில் இரண்டு சிலிண்டர்களின் வால்வுகளை மூடியே வைத்து, மீதியை மட்டும் ஓட்டலாம். அமுக்கத்தைக் குறைத்து விரிவை நீட்டும் அட்கின்சன், மில்லர் சுழற்சிகளை வேண்டும்போது கொண்டுவந்து வேண்டாதபோது விட்டுவிடலாம். காகிதத்தில் இதைப் பார்த்த எந்த என்ஜினியருக்கும் கை துறுதுறுக்கும்.

முதலில் மின்காந்தத்தைத்தான் முயன்றார்கள். வால்வுத் தண்டில் ஓர் இரும்புத் தகட்டைப் பொருத்தி, மேலும் கீழும் ஒவ்வொரு காந்தத்தையும் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் வைத்தால், தகடு ஊஞ்சல்போல இரண்டுக்கும் நடுவே ஆடும். காந்தங்கள் அதை எட்டிய இடத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, நேரம் வரும்போது விட்டால் போதும். ஆற்றலைத் திருப்பித் தருவதைக் கேமிடமிருந்து கற்றுக்கொண்ட நல்ல யோசனைதான். ஆனால் காந்தத்தின் இயல்பு இங்கே குறுக்கே நிற்கிறது. தகடு தூரத்தில் இருக்கும்போது, அதாவது இழுக்க வேண்டிய நேரத்தில், அதன் விசை அற்பம். தகடு நெருங்க நெருங்க, அதாவது மென்மை வேண்டிய நேரத்தில், விசை பன்மடங்காகப் பெருகுகிறது. கேம் கடைசியில் தவழ்கிற இடத்தில் காந்தம் பாய்கிறது. மின்சாரச் செலவும் சிறிதல்ல: ஒரு திறப்புக்கு 3 ஜூல் வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், 16 வால்வும் நொடிக்கு 50 முறையுமாக 2,400 வாட் ஆகிறது, 12 வோல்ட்டில் அது 200 ஆம்பியர். ஒரு சாதாரணக் காரில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் இதற்காகவே பிறவி எடுத்தாலும் போதாது. 2000-ஆம் ஆண்டையொட்டிக் கார்களின் மின்னமைப்பை 42 வோல்ட்டுக்கு உயர்த்த வேண்டும் என்று நடந்த பெரிய பேச்சுக்கு, இந்த மின்காந்த வால்வுகளின் பசியும் ஒரு காரணம். அந்த 42 வோல்ட்டும் வரவில்லை, வால்வுகளும் வரவில்லை. பிரான்சின் வாலியோ போன்ற பெரிய உதிரிபாக நிறுவனங்களே இந்த வழியில் வெகுதூரம் சென்றும், கடையில் விற்கும் கார் வரை அது வந்து சேரவில்லை.

ஃபிரீவால்வ் வேறு வழியில் போனது. வால்வைத் திறக்கக் காற்றழுத்தம், திறந்த நிலையில் பிடித்து வைக்கவும் இறங்கும்போது தணிக்கவும் எண்ணெய், நேரத்தைச் சொல்ல மின்னணுவியல், மூடுவதற்குக் காற்று ஸ்பிரிங் என்று ஒவ்வொரு வேலைக்கும் அதற்குப் பொருந்திய ஊடகத்தைப் பங்கிட்டுக் கொடுத்தது. 2016-இல் சீனாவின் கோரோஸ் நிறுவனத்துடன் சேர்ந்து குவாங்சோ கண்காட்சியில் 1.6 லிட்டரில் 230 குதிரைத்திறன் தரும் நான்கு சிலிண்டர் என்ஜினைக் காட்டினார்கள். 2020-இல் கோனிக்செக் அறிவித்த கெமெரா காருக்கான என்ஜின் அதைவிட மிரட்டல்: மூன்றே சிலிண்டர், 2 லிட்டர், இரட்டை டர்போ, எடை 70 கிலோ, திறன் 600 குதிரைத்திறன். மருமகன் அனுப்பிய காணொளி இதைப் பற்றியதுதான்.

இதற்கிடையில் மற்ற கார் நிறுவனங்கள் சும்மா இருந்துவிடவில்லை. அவர்கள் கேம்ஷாஃப்டை வைத்துக்கொண்டே அதனிடம் சிறிது சிறிதாக விட்டுக்கொடுப்பை வாங்கினார்கள். 1989-இல் ஹோண்டா, தாழ்ந்த வேகத்துக்கு ஒரு மேடும் உயர்ந்த வேகத்துக்கு இன்னொரு மேடுமாக விடெக் முறையைக் கொண்டுவந்தது. 2001-இல் பி.எம்.டபிள்யூவின் வால்வ்ட்ரானிக், கேமுக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு நெம்புகோலை நுழைத்து, வால்வு திறக்கும் உயரத்தை 0.3 மில்லிமீட்டர் முதல் 9.7 மில்லிமீட்டர் வரை மாற்றி, திராட்டிலின் வேலையை வால்விடமே ஒப்படைத்தது. எனக்கு மிகவும் பிடித்தது 2009-இல் ஃபியட் வெளியிட்ட மல்ட்டிஏர். அதில் கேம் மேடு உள்வாங்கும் வால்வை நேராகத் தொடுவதில்லை. ஒரு சிறிய பிஸ்டனை அமுக்கி எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய் வால்வைத் திறக்கிறது. நடுவே கணினி சொல்படி இயங்கும் சோலனாய்டு என்ற மின்காந்த அடைப்பான் திறந்தால் எண்ணெய் வழிந்து, கேம் என்ன சொன்னாலும் வால்வு மூடிக்கொள்கிறது. கேம் ஆற்றலைக் கொடுக்கிறது, கணினி அதில் எவ்வளவு வேண்டும் என்று வெட்டிக்கொள்கிறது. நம் நாட்டில் விற்ற ஜீப் காம்பஸ் பெட்ரோல் வண்டிக்குள் இருந்த 1.4 லிட்டர் என்ஜின் இந்த வகையைச் சேர்ந்தது. ஓட்டியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

கரும்பு பிழிகிறவரிடம் கேட்டால் சொல்வார்: முதல் முறை ஆலையில் கொடுக்கும்போதே சாற்றில் பெரும்பகுதி வந்துவிடும், கடைசிச் சொட்டுக்காக மடித்து மடித்துக் கொடுப்பதில் கைதான் வலிக்கும். விடெக்கும் வால்வ்ட்ரானிக்கும் மல்ட்டிஏரும் முதல் இரண்டு பிழிவுகள். கேம்ஷாஃப்டை முழுவதுமாகக் கழற்றுவது அந்தக் கடைசிச் சொட்டுக்கானது. கார் விற்பவர்கள் அந்தக் கணக்கைத் தெளிவாகவே போட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கடலில் அதே கணக்கு தலைகீழாக வந்தது.

பெரிய சரக்குக் கப்பலின் முதன்மை என்ஜின் இரண்டு ஸ்ட்ரோக் டீசல். நிமிடத்துக்கு நூறு சுற்று என்றாலே அதற்கு ஓட்டம். காற்று சிலிண்டரின் அடிப்பக்கத் துளைகள் வழியே நுழைவதால், ஒரு சிலிண்டருக்கு ஒரே ஒரு வால்வு. தலையின் நடுவில் இருக்கும் புகைபோக்கி வால்வு. அதைக் கழற்றவும் மாட்டவும் கிரேன் வேண்டும். நூறு சுற்றில் ஒரு சுற்றுக்கு 600 மில்லி நொடி. அந்த வால்வு 150 பாகை திறந்திருந்தால் கால் நொடி. கார் வால்வின் 7 மில்லி நொடிக்கு முன்னால் இது ஒரு மதியத் தூக்கத்துக்குரிய நேரம். அதிலும், கேம்ஷாஃப்ட் இருந்த காலத்திலேயே கப்பல் என்ஜினில் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இரும்புத் தண்டு போய் எண்ணெய்க் குழாய் வந்துவிட்டது. மூடும் ஸ்பிரிங்கும் போய்க் காற்றழுத்தம் வந்துவிட்டது. கேம் செய்துகொண்டிருந்ததெல்லாம் எண்ணெயைத் தள்ளுவது மட்டுமே. அந்தத் தள்ளலை ஒரு பம்ப்பிடமும், நேரத்தைக் கணினியிடமும் கொடுப்பதற்குத் தாண்ட வேண்டிய தூரம் அதிகம் இல்லை.

பலனோ பெரிது. 2006-இல் கடலில் இறங்கிய எம்மா மெர்ஸ்க் கண்டெய்னர் கப்பலின் 14 சிலிண்டர் வார்ட்சிலா என்ஜின் 2,300 டன் எடையும் 80,080 கிலோவாட் திறனும் கொண்டது, கேம்ஷாஃப்ட் இல்லாதது. இந்த அளவு என்ஜின் முழு விசையில் ஒரு நாளைக்கு 300 டன்னுக்கு மேல் எரிபொருளைக் குடிக்கும். அதில் நூற்றுக்கு ஒன்று மிச்சமானாலும் தினம் 3 டன். காரில் ஒரு சொட்டாக இருந்தது இங்கே பீப்பாய்க் கணக்கில் வருகிறது.

மான் பி அண்ட் டபிள்யூ நிறுவனம், கேம்ஷாஃப்டுடன் கட்டப்பட்ட போ செசில் என்ற ரசாயனக் கப்பலின் என்ஜினை 2000-இல் மின்னணு முறைக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தது. சுல்சர் பெயரில் வந்த, கேம்ஷாஃப்ட் இல்லாத ஆர்.டி.-ஃபிளெக்ஸ் வகையின் முதல் என்ஜின் ஜிப்சம் சென்டெனியல் கப்பலில் 2001-இல் கடலுக்குப் போனது. மருமகன் அப்போது பிறக்கவேயில்லை.

நான் முதலில் ஏறிய கப்பல்களில் எல்லாம் கேம்ஷாஃப்ட் இருந்தது. அதைச் சுழற்றும் செயின் என்ஜினின் உயரத்தில் பாதியை எட்டும். குறிப்பிட்ட மணிநேரத்துக்கு ஒருமுறை என்ஜினை நிறுத்தி, சூடான எண்ணெய் சொட்டும் அறைக்குள் டார்ச்சோடு நுழைந்து, ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்து, தளர்வை அளந்து இறுக்க வேண்டும். செயின் தேய்ந்து நீண்டால் கேம்ஷாஃப்ட் பின்தங்கும். எரிபொருள் பாயும் நேரமும் வால்வு திறக்கும் நேரமும் அதனோடு சேர்ந்து பின்தங்கும். கப்பலைப் பின்னோக்கிச் செலுத்த வேண்டுமென்றால், ஒவ்வொரு எரிபொருள் பம்ப்பிலும் கேம்மீது ஓடும் உருளையையும் காற்று தள்ளி மறுபக்கம் சாய்க்க வேண்டும். துறைமுக வாயிலில், கப்பலுக்கு வழிகாட்ட வந்த பைலட் மேலே பிரிட்ஜில் நிற்கும்போது, அவற்றில் ஒன்று சிக்கிக்கொண்டு சாய மறுத்தால் கண்ட்ரோல் ரூமில் எழும் சத்தத்தை இங்கே அப்படியே எழுத முடியாது.

பிறகு ஏறிய கப்பலில் அந்தச் செயினும் இல்லை, தண்டும் இல்லை. என்ஜின் ஓட்டும் பம்ப்புகள் எண்ணெயை 200 பார் அளவுக்கு, அதாவது கார் டயரின் காற்றழுத்தத்தைப்போல நூறு மடங்குக்கு, அழுத்தி வைத்திருக்கின்றன. கிராங்க்ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை உணரிகள் சொல்கின்றன. ஒன்று பொய் சொன்னால் காட்டிக்கொடுக்க இன்னொரு தொகுதி இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. பின்னோக்கிச் செல்வது என்பது மென்பொருளில் ஒரு வரிசை மாற்றம் மட்டுமே. கேம் என்ஜின்கள் புகையைக் கக்கித் தடுமாறும் மெதுவான வேகத்தில் இது அலட்டிக்கொள்ளாமல் ஓடியது. 2008-க்குப் பிறகு சரக்குச் சந்தை படுத்து, கப்பல்களை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டச் சொன்ன காலத்தில் அந்தக் குணத்தின் அருமை எங்களுக்கு நன்றாகவே புரிந்தது.

குறையும் சொல்ல வேண்டும். ஒருமுறை துறைமுகத்துக்குள் நுழையும்போது ஒரு சிலிண்டரின் வால்வு சொன்ன நேரத்துக்குத் திறக்கவில்லை என்று அலாரம் அடித்தது. கட்டுப்பாட்டுப் பெட்டி தானாகவே அந்தச் சிலிண்டருக்கு எரிபொருளை நிறுத்திவிட்டு, மற்றவற்றை வைத்து ஓட்டியது. நங்கூரமிட்ட பின் கழற்றிப் பார்த்தால், எண்ணெயைத் திருப்பிவிடும் சிறிய வால்வின் உள்ளே நகரும் துண்டு, கண்ணுக்கே தெரியாத அழுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த எண்ணெய் 6 மைக்ரான் வடிகட்டியில் புகுந்து வரவேண்டியது. முந்தைய துறைமுகத்தில் ஒரு குழாயைக் கழற்றி மாட்டிய நாங்கள், அதை முறையாகக் கழுவி விடாமல் அவசரப்பட்டிருந்தோம். தவறு எங்களுடையதுதான். ஆனால் அன்று என் மனத்தை உறுத்தியது வேறொன்று. கேம் என்ஜினில் உருளை தேய்ந்தால் பக்கத்தில் நடக்கும்போதே காது சொல்லிவிடும். கையை வைத்தால் சூடு சொல்லும். இங்கே திரையில் வரும் ஒரு சிவப்பு வரியைத் தவிர எதுவும் சொல்லவில்லை. காதால் என்ஜின் பார்த்த மூத்த சீஃப் என்ஜினியர்களின் கலை, அந்தத் தண்டோடு சேர்ந்து கரையிறங்கிவிட்டது என்று எனக்கு இன்றும் ஒரு வருத்தம் உண்டு.

அதே கப்பலில், முதன்மை என்ஜினிலிருந்து சில எட்டு நடந்தால் மின்சாரம் தரும் ஜெனரேட்டர்கள் இருந்தன. அவை நான்கு ஸ்ட்ரோக் டீசல்கள். 720 சுற்றில் ஓடுபவை. சிலிண்டருக்கு நான்கு வால்வு. அவற்றில் கேம்ஷாஃப்ட் அப்படியே இருந்தது. ஒரே கப்பல், ஒரே எரிபொருள், ஒரே ஊழியர்கள். வேகம் ஏழு மடங்கு, வால்வு எண்ணிக்கை நான்கு மடங்கு, குடிக்கும் எரிபொருளோ மிகக் குறைவு. அங்கே தண்டைக் கழற்ற யாரும் மெனக்கெடவில்லை. காரில் அது ஏன் நடக்கவில்லை என்று கேட்கும் மருமகனை, முடிந்தால் அந்த இரண்டு என்ஜின்களுக்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்திவிடுவேன்.

அவன் விடவில்லை. மறுநாள், "கம்ப்யூட்டர் இப்போ எவ்வளவோ வேகமாயிடுச்சு மாமா, இனிமே வருமில்ல?" என்று கேட்டான். கணினியின் வேகம் தடையாக இருந்து பல காலம் ஆகிறது. தடை எண்ணெய், காந்தம், இரும்பு ஆகியவற்றின் இயல்பிலும் விலையிலும் இருக்கிறது. அதோடு ஹைப்ரிட் கார் வந்து, கேம்ஷாஃப்டின் பழைய குறையையும் பாதி மறைத்துவிட்டது. சிக்னலில் நிற்கும்போதும் ஊர்ந்து செல்லும்போதும் மின்மோட்டார் பார்த்துக்கொள்வதால், என்ஜின் தனக்குப் பிடித்த வேகத்தில் மட்டும் ஓடினால் போதும். ஒரே வேகத்தில் ஓடும் என்ஜினுக்கு ஒரே மேடு போதும். எல்லா வேகத்துக்கும் வளைந்து கொடுக்கும் வால்வு யாருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதோ, அந்த வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

அவன் அனுப்பிய காணொளியில் வந்த கெமெராவுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்றும் தேடிப் பார்க்கச் சொன்னேன். அந்தக் காருக்கு மூன்று சிலிண்டர் என்ஜினோடு, எட்டு சிலிண்டர் என்ஜினையும் ஒரு தேர்வாக வைத்தார்கள். வாங்க வந்தவர்கள் எட்டு சிலிண்டரையே கேட்டதால், மூன்று சிலிண்டரைக் கைவிட்டார்கள். எட்டு சிலிண்டரில் கேம்ஷாஃப்ட் இருக்கிறது.